அப்பாவின் நோட்டும் அழிந்துபோன செய்தியும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வணிகவியல்)

மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கச்சேரி என்றதும் மார்கழி மாதத்துச் சபாக்கள்தாம் நினைவுக்கு வரும். எங்கள் வீடு கச்சேரி சாலையை அடுத்த ஒரு சந்தில் இருக்கிறது. பாட்டுக் கச்சேரி நடக்காத இந்தச் சாலைக்கு இப்படி ஒரு பெயர் ஏன் என்று சிறு வயதில் அப்பாவைக் கேட்டேன். "கச்சேரின்னா கோர்ட்டு, சர்க்கார் ஆபீசு. அந்தக் காலத்துப் பேச்சுடா அது" என்றார். அன்று அதை வெறும் சொல் விளக்கமாகக் கேட்டுக்கொண்டேன். 2024-ஆம் ஆண்டில் அந்தப் பொருளிலேயே நாங்கள் கச்சேரி ஏற நேர்ந்தது. அதற்குப் பாதிக் காரணம் நான். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். என் பிழையைப் படித்து ஒரு நண்பராவது எச்சரிக்கை அடைந்தால் எனக்கு அது ஆறுதல்.

அப்பா சிறிய அச்சுக்கடை வைத்திருக்கிறார். டி.டி.பி., விசிட்டிங் கார்டு, பில் புத்தகம், காகிதப் பை ஆகியவைதாம் தொழில். 2023-இல் தீபாவளிக்கு முன்னதாகத் தியாகராய நகரில் ஒரு கடையிலிருந்து ஆர்டர் வந்தது. கடையின் பெயர் வேண்டாம். பைகளும் பில் புத்தகங்களும் சேர்த்து 2,90,000 ரூபாய்க்கு ஆர்டர். அது மின்னஞ்சலில் வந்தது. அக்டோபரில் இன்னும் 90,000 ரூபாய்க்குப் பைகள் வேண்டும் என்று அதே கடையின் ஊழியர் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார். அப்பா இரவு பகலாக வேலை பார்த்துச் செய்து கொடுத்தார். பண்டிகை நெரிசலில் அந்த இரண்டாவது சரக்கை அவர்கள் ஆளே ஆட்டோவில் ஏற்றிச் சென்றார். டெலிவரி சீட்டில் கையெழுத்து வாங்க எவருக்கும் தோன்றவில்லை.

தீபாவளி போயிற்று, பொங்கலும் போயிற்று. பணம் மட்டும் வரவில்லை. கேட்கப் போனபோது ஒரு நாள் முதலாளி ஊரில் இல்லை; ஒரு நாள் கணக்கர் இல்லை. கடைசியில், "இரண்டாவது ஆர்டரே நாங்கள் கொடுக்கவில்லையே, நீங்களாகக் கணக்கு எழுதிக்கொண்டு வருகிறீர்களா?" என்று கேட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்த அப்பா அன்றிரவு சாப்பிடவில்லை. "பணம் போனா சம்பாதிச்சுக்கலாம். பொய்க் கணக்கு எழுதுறவன்னு சொல்லிட்டாங்களேடா" என்றார். அந்த வார்த்தை இன்றும் என் காதில் ஒலிக்கிறது.

லஸ் அருகில் இருக்கும் வக்கீல் ஒருவரிடம் போனோம். நான் மிகுந்த நம்பிக்கையோடு போனேன். ஏனென்றால் அந்த வாட்ஸ்அப் செய்திகளை முன்பே படம் பிடித்து வைத்திருந்தேன். பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று மேலும் கீழும் வெட்டி, தேவையான வரிகளை மட்டும் எடுத்து, நல்ல தாளில் அச்சிட்டுக் கொண்டுபோயிருந்தேன். வக்கீல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"தம்பி, இது படம். செய்தி எங்கே?"

"போனில் இருந்தது சார்."

"அந்தப் போன் எங்கே?"

நான் தலை குனிந்தேன். பொங்கல் சமயத்தில் கடைப் போனைக் கொடுத்துவிட்டுப் புதிய போன் வாங்கியவன் நான்தான். பழையதற்கு 1,500 ரூபாய் தள்ளுபடி கிடைத்தது. புதிய போனில் வாட்ஸ்அப்பைப் புதிதாகவே தொடங்கினேன். பழைய செய்திகளைச் சேமித்துவைக்கும் வசதி இயக்கப்படவே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. வாட்ஸ்அப் நிறுவனத்தைக் கேட்கலாமே என்றேன். போய்ச் சேர்ந்துவிட்ட செய்தியை அந்த நிறுவனம் தன் கணினிகளில் வைத்திருப்பதில்லை என்று வக்கீல் விளக்கினார். 1,500 ரூபாய்க்காக 90,000 ரூபாயைக் கொடுத்தவன் என்று என்னை நானே நொந்துகொண்டேன்.

"படத்தை யார் வேண்டுமானாலும் வெட்டி ஒட்டலாம். நீயே வெட்டியிருக்கிறாயே! மேலே தேதி இல்லை, அனுப்பியவர் எண் இல்லை. எதிர்க்கட்சி வக்கீல் ஒரே கேள்வியில் இதைக் கிழித்துவிடுவார்" என்றார் அவர். எங்களிடம் இருந்த உண்மையில் ஒரு குறையும் இல்லை. அதைக் காத்து வைத்த விதத்தில்தான் குறை. இந்த வேறுபாட்டை எந்தப் பாடப் புத்தகமும் அதுவரை எனக்குக் கற்பிக்கவில்லை.

அப்பா தம் கணக்கு நோட்டை எடுத்து நீட்டினார். அக்டோபர் மாதத்துப் பக்கத்தில் கூடுதல் ஆர்டரின் தேதி, எண்ணிக்கை, சொன்னவர் பெயர் எல்லாம் அவர் கையெழுத்திலேயே இருந்தன. வக்கீல் அதை மரியாதையோடு வாங்கிப் புரட்டினார். ஆனால் பாரதிய சாட்சிய அதினியத்தின் 28-ஆம் பிரிவுப்படி, முறையாக எழுதப்பட்ட கணக்குப் புத்தகம் சாட்சியத்துக்குப் பொருந்தும் என்றாலும், அது ஒன்றை மட்டும் வைத்து ஒருவர் மேல் கடனைச் சுமத்த முடியாது என்றார். நோட்டோடு செய்தியும் இருந்திருந்தால் ஒன்றுக்கொன்று துணை நின்றிருக்கும். துணைக்கு நிற்க வேண்டியதை நான் கடையில் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

மின்னஞ்சல் பிழைத்திருந்தது. அதை எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதற்குச் சட்டத்தில் ஒழுங்கு இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, மின்பதிவின் நகலைத் தாக்கல் செய்பவர் ஒரு சான்றிதழும் தர வேண்டும். அதன் முதல் பகுதியைத் தாக்கல் செய்பவரும், இரண்டாம் பகுதியை ஒரு நிபுணரும் நிரப்ப வேண்டும். எந்தக் கருவி, அது யார் வசம் இருந்தது, சரியாக இயங்கியதா என்ற விவரங்களோடு 'ஹாஷ்' மதிப்பு என்ற ஒன்றையும் குறிப்பிட வேண்டும்.

இந்த ஹாஷ் என்ன என்று அறிய நம் கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். ஒரு பக்கத் தமிழ்க் கடிதத்தை எடுத்து அதன் எஸ்.எச்.ஏ.-256 மதிப்பைக் கணக்கிட்டேன். எழுத்தும் எண்ணும் கலந்த 64 குறிகள் வந்தன. பிறகு கடிதத்தில் ஒரே ஒரு மெய்யெழுத்தின் புள்ளியை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி கணக்கிட்டேன். 64 குறிகளும் அடையாளமே தெரியாமல் மாறிப்போயின. மனிதனுக்குக் கைரேகை போலக் கோப்புக்கு இது. கோப்பைக் கைப்பற்றிய அன்றே இதைக் குறித்து வைத்துவிட்டால், பின்னால் ஒரு புள்ளி மாறினாலும் காட்டிக் கொடுத்துவிடும். என்னே எளிய காவல்!

எங்கள் கோரிக்கை 3,80,000 ரூபாய். மதிப்பு 3 லட்சத்துக்குக் குறையாத வணிக வழக்குகள் 2015-ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றச் சட்டத்தின் கீழ் வரும். அவசர நிவாரணம் கேட்காத வழக்கானால் முதலில் சமரசத்துக்குப் போக வேண்டும் என்பது 2018-இல் சேர்க்கப்பட்ட விதி. வழக்கு என்று ஆனால், தம்மிடம் உள்ள ஆவணங்களை இரு தரப்பும் ஒருவருக்கொருவர் காட்ட வேண்டும். மின்பதிவு என்றால் அதை யார், எப்போது, எந்தக் கணினியில் உருவாக்கினார், அந்த மின்னஞ்சல் கணக்கு யாருடையது, யாரெல்லாம் அதைத் திறக்க முடியும் என்றெல்லாம் உறுதிமொழியில் சொல்ல வேண்டும். இதை வக்கீல் சொன்னபோது எனக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. எங்கள் போன் போனால் என்ன? செய்தி அனுப்பியவரின் போன் இருக்குமே!

அதையும் குறிப்பிட்டு வக்கீல் ஆகஸ்ட் மாதம் நோட்டீஸ் அனுப்பினார். தொடர்புடைய செய்திகளை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார். வந்த பதில், அந்த ஊழியர் வேலையை விட்டுப் போய்விட்டார், போன் அவருடைய சொந்தப் போன் என்பதே. கையில் உள்ள சான்றை ஒருவர் காட்டாமல் மறைத்தால், அது அவருக்குப் பாதகமானது என்று நீதிமன்றம் ஊகிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் 'கையிலேயே இல்லை' என்பவரிடம் அந்த ஊகம் எளிதில் செல்லாது.

இந்த நிலையில் அடையாறு காந்தி நகரில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அக்காவைப் பார்க்கப் போனேன். அக்கா சட்டம் படித்தவர். வெளிநாட்டு வழக்குகளுக்காக ஆவணங்களைப் படித்துத் தரம் பிரிக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். இத்தகைய நிறுவனங்கள் செய்வது வக்கீல் தொழிலா, அலுவலகச் சேவையா என்ற கேள்வி நம் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே எழுந்து, ஏ.கே. பாலாஜி வழக்காக 2012-இல் தீர்ப்பானது. மேல் முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2018-இல், உள்ளடக்கத்தில் சட்டத் தொழிலாக இருந்தாலொழிய அத்தகைய சேவைகளை வழக்கறிஞர் சட்டம் கட்டுப்படுத்தாது என்று கூறியது.

என் கதையைக் கேட்ட அக்கா, "நீ பண்ணின தப்பைப் பெரிய பெரிய கம்பெனியே பண்ணியிருக்குடா" என்று சொல்லிக் காபி கொடுத்தார். பிறகு அவர் சொன்னவை எனக்கு ஒரு புதிய பாடமாக இருந்தன.

வழக்குக்காக மின்பதிவுகளைத் தேடிக் காத்து எதிர்த்தரப்புக்குக் காட்டும் வேலைக்கு அயல்நாடுகளில் 'இ-டிஸ்கவரி' என்று பெயர். நியூயார்க்கில் லாரா ஜுபுலேக் என்ற பெண்மணி, தாம் வேலை பார்த்த யு.பி.எஸ். நிறுவனத்தின் மேல் பாலினப் பாகுபாட்டு வழக்குத் தொடுத்தார். நிறுவன ஊழியர்கள் சிலர் தொடர்புடைய மின்னஞ்சல்களை அழித்துவிட்டது தெரியவந்தது. 2004-இல் நீதிபதி ஷைரா ஷைண்ட்லின், அழிந்தவை நிறுவனத்துக்குப் பாதகமானவை என்று ஜூரிகள் ஊகிக்கலாம் என்று உத்தரவிட்டார். மறு ஆண்டு ஜூரிகள் அந்தப் பெண்மணிக்கு 2 கோடியே 90 லட்சம் டாலருக்கு மேல் தீர்ப்பளித்தனர். வழக்கு வரும் என்று தெரிந்த நாளிலிருந்து ஒன்றையும் அழிக்கக் கூடாது என்ற கடமை அதன் பின் எல்லா நிறுவனங்களுக்கும் உறைத்தது. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்ற விதிகளும் 2006 டிசம்பரில் மின்பதிவுகளுக்கு ஏற்பத் திருத்தப்பட்டன.

சட்டம் வந்தால் மட்டும் போதுமா? ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாகத் தேடினால் நீதிபதி எதை நம்புவார்? ஆகவே தொழிலில் உள்ளவர்களே கூடி ஒழுங்குமுறை வகுக்கத் தொடங்கினார்கள். 2005-இல் ஜார்ஜ் சோக்கா, டாம் கெல்ப்மன் என்ற இருவர் தொடங்கிய முயற்சியால் இந்த வேலையைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டும் ஒரு பொது வரைபடம் உருவானது. தகவலை ஒழுங்காக வைத்திருத்தல், அடையாளம் காணல், பாதுகாத்தல், திரட்டல், பக்குவப்படுத்தல், படித்துப் பார்த்தல், ஆராய்தல், எதிர்த்தரப்புக்குத் தருதல், மன்றத்தில் காட்டல் என ஒன்பது படிகள். பிறகு உலகத் தரநிலை அமைப்பான ஐ.எஸ்.ஓ., 27050 என்ற எண்ணில் இதற்கென ஒரு தரநிலை வரிசையையே 2016 முதல் வெளியிட்டது. "நீ எட்டாம் படி, ஒன்பதாம் படிக்கு நேரா தாவிட்ட. மூணாம் படியிலதான் விழுந்திருக்க" என்றார் அக்கா. சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது.

தேடுவதிலும் இதே சிக்கல்தான். 1985-இல் பிளேர், மேரன் என்ற இரு ஆய்வாளர்கள் ஓர் இரயில் விபத்து வழக்கின் சுமார் 40,000 ஆவணங்களை வைத்துச் சோதித்தார்கள். தேவையானவற்றில் நூற்றுக்கு 75 கிடைத்துவிட்டதாக வக்கீல்கள் நம்பினார்கள். உண்மையில் கிடைத்தவை நூற்றுக்கு 20 தான்! ஒரு தரப்பார் 'விபத்து' என்று எழுதியதை மறு தரப்பார் 'நிகழ்ச்சி' என்றும் 'நிலைமை' என்றும் எழுதியிருந்தார்கள். ஒரு சொல்லைத் தேடினால் மற்றவை எப்படிக் கிடைக்கும்?

இதைக் கேட்டதும் எனக்கு அப்பாவின் கடைதான் நினைவுக்கு வந்தது. 'பை' என்று நாங்கள் எழுதுவதை வாடிக்கையாளர் 'கவர்' என்பார். இன்னொருவர் 'கேரி பேக்' என்பார். அது மட்டுமன்று. அப்பா தொழிலுக்கு வந்த 1990-களில் கணினித் தமிழுக்கு ஒரே ஒழுங்கு கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வோர் எழுத்துரு, ஒவ்வொரு விசைப்பலகை. ஒரு கடையில் அடித்த மடலை அடுத்த கடையில் திறந்தால் கிறுக்கலாகத் தெரியும். 1999-இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாட்டின் பின் விசைப்பலகைக்கு ஒரு பொது ஒழுங்கு வந்தது. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிக்கோடைத் தரமாக ஏற்றது. ஆயினும் அதற்கு முன் பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் எத்தனையோ கடைகளில் இன்னும் கிடக்கின்றன. அவற்றில் 'தமிழ்' என்று யூனிக்கோடில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. ஆங்கில எழுத்தில் தமிழ் அடிக்கும் வாட்ஸ்அப் செய்திகளோ ஆளுக்கு ஓர் எழுத்துக்கூட்டு! அயல்நாட்டார் வகுத்த தேடல் ஒழுங்கை அப்படியே கொண்டுவந்தால் நம் தமிழ்ச் சான்றுகள் தேடியும் கிடைக்காமல் போகும். இதற்குரிய ஒழுங்கை நாம்தான் வகுக்க வேண்டும்.

நம் நாடும் இதில் சும்மா இருக்கவில்லை. ஆனால் ஒரே நேர்வழியில் போகவும் இல்லை. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், பழைய சாட்சியச் சட்டத்தில் 65-பி என்ற பிரிவைச் சேர்த்துச் சான்றிதழ் கேட்டது. 2005-இல் நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில், அது இல்லாவிட்டாலும் வேறு வழியில் நிரூபிக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். 2014-இல் அன்வர் வழக்கில், சான்றிதழ் கட்டாயம் என்றது. 2018-இல் மறுபடி தளர்த்தியது. 2020 ஜூலை 14 அன்று அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில், நகலுக்குச் சான்றிதழ் கட்டாயமே என்று மூவர் அமர்வு முடிவு கட்டியது. ஐந்து நீதிபதிகள் குழு ஒன்று மின்பதிவுகளைப் பெறவும் மீட்கவும் காக்கவும் 2018 நவம்பரில் வரைவு விதிகளை எழுதித் தந்திருந்ததையும், அவற்றுக்குச் சட்ட வலிமை தருவதை ஆராய வேண்டும் என்பதையும் அதே தீர்ப்பு எடுத்துச் சொன்னது.

இந்த ஏற்ற இறக்கத்தைப் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான். மன்றத்தின் வாசலில் எதை உள்ளே விடலாம் என்பதைப் பற்றித்தான் நாம் அதிகம் வாதிட்டிருக்கிறோம். வாசலுக்கு வரும் வழியில் எப்படிக் காப்பது, எப்படித் தேடுவது, எப்படிக் கை மாற்றுவது என்பதைச் சாதாரண மக்களுக்குச் சொல்லித்தர மறந்துவிட்டோம். பெரிய நிறுவனத்துக்குச் சட்டப் பிரிவு உண்டு, நிபுணர் உண்டு. கச்சேரி சாலை அச்சுக்கடைக்காரருக்கு யார் உண்டு? ஒழுங்குமுறை என்றால் பணக்காரர்களின் விவகாரம் என்று நான் எண்ணியிருந்தேன். அது தவறு. வலியவனுக்கு அவன் வலிமையே சாட்சி. ஒழுங்குமுறை இல்லாவிட்டால் எளியவனின் உண்மைக்குச் சாட்சி இல்லை.

அதே வேளையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நிபுணரைத் தேடிக் கையெழுத்து வாங்குவது எங்களுக்கு அலைச்சலாகவும் செலவாகவும் இருந்தது. காவலே சுமையாகிவிடக் கூடாது. தமிழில் ஒரு பக்கப் படிவம், வட்டந்தோறும் குறைந்த கட்டணத்தில் ஹாஷ் எடுத்துத் தரும் ஓரிடம் — இவை இருந்தால் எத்தனையோ சிறு வணிகர்களுக்கு உதவியாக இருக்கும்.

எங்கள் வழக்கு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். சமரசத்தில் பேசியவை வெளியே சொல்லத்தக்கவை அல்ல. முடிவை மட்டும் சொல்கிறேன். மின்னஞ்சலில் வந்த ஆர்டருக்குரிய 2,90,000 ரூபாயைத் தவணையில் தர ஒப்புக்கொண்டார்கள், தந்தும் முடித்தார்கள். வாட்ஸ்அப்பில் வந்த 90,000 ரூபாய் போனது போனதுதான். கையெழுத்திட்டுவிட்டு வெளியே வந்தபோது அப்பா ஒன்றும் பேசவில்லை. பேருந்தில் பாதி வழியில், "நோட்டுல அந்த வரியை அடிக்க மாட்டேன்டா. வராத பணம்னாலும் நடந்த வேலை அது" என்றார். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த நாள் முதல் எங்கள் கடையில் புதிய வழக்கம். ஆர்டர் எதில் வந்தாலும் அன்றே ஒரு மின்னஞ்சலில் உறுதி கேட்கிறோம். வாரந்தோறும் வாட்ஸ்அப் உரையாடலை முழுமையாக, வெட்டாமல், வெளியே எடுத்து வைத்து, அதன் ஹாஷ் மதிப்பை அப்பா தம் நோட்டில் எழுதிக்கொள்கிறார். 64 குறிகளையும் பொறுமையாக, பேனாவால். போனை மாற்றும் முன் அவரைக் கேட்க வேண்டும் என்பது எனக்கு மட்டும் உரிய தனிச் சட்டம்.

நண்பர்களே! நாளை நம்மில் சிலர் கணக்கர் ஆவோம், சிலர் வழக்கறிஞர் ஆவோம், சிலர் கடை வைப்போம். எல்லாருடைய சட்டைப் பையிலும் ஒரு சாட்சி உட்கார்ந்திருக்கிறது. அதை வெட்டாமல், அழிக்காமல், யாரிடம் எப்போது இருந்தது என்று சொல்லும்படியாக வைத்திருப்போம். பொய்க் கணக்கு எழுதுகிறவர் என்று நம் வீட்டுப் பெரியவர் ஒருவரை யாரும் சொல்லிவிடாதபடி காப்பது, போனை மாற்றும் நம் கையில்தான் இருக்கிறது.